அம்மாவின் பெயரில் ஒரு மோட்டார் சைக்கிள்

மன்னார்த் தீவில் காற்று ஓய்வதில்லை. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கும். மாரி பிறந்தால் வடகிழக்கிலிருந்து வாடை வரும். தலைமன்னாரிலிருந்து மன்னார் நகருக்கு வருகிற நீண்ட தெருவில் இந்த இரண்டு காற்றும் குறுக்காகத்தான் வீசும். சைக்கிளில் போகிறவரைத் தெருவோர மணலுக்குள் தள்ளிவிடப் பார்க்கும். 2020 டிசெம்பரில் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளோடு ‘தம்பபவனி’ மின் திட்டம் திறந்து வைக்கப்பட்டபோது, எங்கள் ஊர்ப் பெண்கள் சொல்லிச் சிரித்தார்கள்: “இந்தக் காத்தை இவ்வளவு காலமும் நாங்கள் சும்மா உழக்கியெல்லோ தீர்த்தனாங்கள்!”

வடக்கில் பெண்கள் சைக்கிள் ஓடுவது புதினமான விடயம் அல்ல. பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் சைக்கிளில் போய் வளர்ந்தவர்கள் நாங்கள். வடக்கின் பல பகுதிகளுக்குப் பெற்றோல் போகாமல் தடுக்கப்பட்டிருந்த 1990களில் நோயாளியை ஏற்றியதும், விறகு ஏற்றியதும், இடம்பெயர்ந்தபோது வீட்டுச் சாமானை ஏற்றியதும் இந்தச் சைக்கிள்கள்தான். ஆனால் ஒரு விடயத்தைக் கவனித்திருப்பீர்கள். வீட்டில் சைக்கிளுக்கு மேலாக ஒரு மோட்டார் சைக்கிள் வந்தவுடன் அதில் மகன் ஏறுவார், கணவர் ஏறுவார். இப்போது இளம் பெண்களும் ஸ்கூட்டியில் ஏறிவிட்டார்கள். அம்மாமார் மட்டும் சைக்கிளோடு நின்றுவிட்டார்கள். முழங்கால் நோகத் தொடங்கியதும் அந்தச் சைக்கிளிலிருந்தும் இறங்கி வீட்டோடு இருந்துவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் அந்த முழங்கால் நோவு 2022ஆம் ஆண்டில் வந்தது.

அம்மாவுக்கு என்ன கொடுக்கிறோம்?

எங்கள் வீடு பேசாலைப் பக்கம். மன்னார் நகரிலிருந்து பதினைந்து கிலோமீற்றர் அளவு இருக்கும். அப்பா கடற்றொழில் செய்தவர். கண்ணில் வெள்ளை படர்ந்து சத்திரசிகிச்சை செய்தபின் கடலுக்குப் போவதில்லை. அம்மா கரையில் மீன் வாங்கிக் கருவாடு போட்டு மன்னார்க் கடைகளுக்குக் கொடுப்பவர். கிராமத்து மாதர் சங்கத்துக்கும் அவர்தான் பொருளாளர். வீட்டின் வருமானத்தில் பெரும்பங்கு அம்மாவின் கருவாட்டிலிருந்துதான் வருகிறது.

கருவாட்டை மன்னாருக்குக் கொண்டு போவதுதான் எப்போதும் பிரச்சினை. பஸ்ஸில் ஏற்றினால் மணக்குது என்று முகம் சுழிப்பார்கள். ஆட்டோ பிடித்தால் போய்வர மூவாயிரம் ரூபா. அன்றைய இலாபத்தில் பாதி அதிலேயே போய்விடும். 2022இல் எரிபொருள் நெருக்கடி வந்து, யூலை மாதத்திலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் பெற்றோல் என்று கியூ.ஆர். முறையில் அளந்து கொடுத்தபோது, ஆட்டோக்காரர் கேட்ட கூலியை எங்களால் கொடுக்க முடியவில்லை. அம்மா சைக்கிளில் கருவாட்டுப் பையைக் கட்டிக்கொண்டு அந்தக் குறுக்குக் காற்றில் பதினைந்து கிலோமீற்றர் உழக்கினார். அந்த ஆண்டு முடிவதற்குள் வலது முழங்கால் வீங்கிவிட்டது.

தைப்பொங்கலுக்கும் நத்தாருக்கும் பிள்ளைகள் நாங்கள் அம்மாவுக்கு என்ன கொடுக்கிறோம் என்று ஒருமுறை கணக்குப் பார்த்தேன். சேலை, காஸ் அடுப்பு, கிரைண்டர், குளிர்சாதனப் பெட்டி. சேலையைத் தவிர மற்றதெல்லாம் வீட்டுக்குக் கொடுத்தவை. கிரைண்டர் வந்ததால் அம்மாவுக்கு வேலை குறைந்தது உண்மை. ஆனால் மிச்சமான நேரத்தில் அம்மா எங்கே போனார்? எங்கும் போகவில்லை. போவதற்கு வழி இல்லை.

தங்கச்சியும் நானும் பேசி, அம்மாவுக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கிக் கொடுப்பதென்று முடிவெடுத்தோம். அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. அப்பா கேட்டார், “இந்த வயதில உன்ர அம்மா மோட்டார் சைக்கிள் ஓடப் போறாவோ? சனம் என்ன சொல்லும்?” அம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டபடியே பதில் சொன்னார்: “கருவாட்டுப் பையோட பஸ்ஸுக்கு நிக்கேக்க சனம் ஒண்டும் சொல்லேல்லை.”

காசும் கடனும்

புதிய ஸ்கூட்டி வாங்குவது அப்போது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். வெளிநாட்டுச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கான தடை தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் ஓடிப் பழசான ஸ்கூட்டிகள், அவை புதிதாக வந்தபோது விற்ற விலையையும் தாண்டி விலைபோயின.

முதலில் லீசிங் எடுக்கலாமா என்று ஒரு நிதி நிறுவனத்தில் விசாரித்தோம். “அம்மாவின் பெயரில் தரலாம், ஆனால் கணவரும் மகனும் கையெழுத்து வைக்க வேண்டும்” என்றார்கள். அம்மாவின் வருமானத்தில்தான் அந்த வீடு நடக்கிறது. தவணை கட்டப் போவதும் அவர்தான். வருமானம் இல்லாத கணவரின் கையெழுத்துத்தான் அவர்களுக்கு உறுதியாகப் பட்டது.

இதில் எனக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துவிட்டுப் பத்து வருடத்துக்கு மேலாக இந்த மாவட்டத்தில் சமூகப் பணி செய்கிறேன். போர் முடிந்து 2009க்குப் பின் வடக்கில் வந்து குவிந்த கடன்களை வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். நுண்கடன் என்றால் அது பெண்ணின் பெயரில் இருக்கும். வாராவாரம் குழுக் கூட்டத்தில் காசு கட்டுவதும், கட்டத் தவறினால் வாசலில் வந்து நிற்பவர்களுக்குப் பதில் சொல்வதும் அவள்தான். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தபோது, அதில் மன்னாரும் இருந்தது. அந்தக் கடனில் வாங்கிய மோட்டார் சைக்கிள் யாருடைய பெயரில் இருந்தது என்று கேட்டால், அநேகமாகக் கணவரின் பெயர் அல்லது மகனின் பெயர் வரும். கடன் பெண்ணின் பெயரில், சொத்து ஆணின் பெயரில். இது எத்தனையோ வீடுகளில் நான் கண்டது.

ஆகவே லீசிங் வேண்டாம் என்று விட்டோம். தங்கச்சியும் நானும் மாதர் சங்கச் சீட்டில் சேர்ந்தோம். கட்டாரில் வேலை செய்யும் தம்பியும் பங்கு தர முன்வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். வாகனத்தைத் தன் பெயரில் பதிய வேண்டும், தான் லீவில் வந்தால் ஓடலாம், அம்மாவுக்குக் கந்தோர் கந்தோராக அலைகிற வேலையும் இல்லை. அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் இப்படித்தான் நடக்கும், அதனால் சொன்னார்.

தொலைபேசியை அம்மா வாங்கினார். “அப்பிடியெண்டால் அது நீ உனக்கு வாங்கிறது தம்பி. வாங்கு, நல்லது. எனக்கு வாங்கித் தந்ததெண்டு மட்டும் சொல்லாதே” என்றார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தில் சத்தம் இல்லை. அடுத்த மாதம் காசு வந்தது, நிபந்தனை இல்லாமல்.

ஸ்கூட்டியை வவுனியாவில் பார்த்தோம். அதற்கும் ஒரு காரணம் உண்டு. எங்கள் தீவில் நான்கு பக்கமும் உப்புக் காற்று. வெளியே பளபளவென்று இருக்கும் வாகனத்தின் அடியில் இரும்பு உக்கிப் போயிருக்கும். மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், அடிப்பாகத்தையும் பிரேக்கையும் பார்த்து, என்ஜின் இலக்கமும் செசி இலக்கமும் பதிவுச் சான்றிதழில் உள்ளவையோடு பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகு, 2024 ஓகஸ்ட் மாதத்தில் நாலு இலட்சத்து எண்பதாயிரம் ரூபாவுக்கு வாங்கினோம்.

பெயர் ஏன் முக்கியம்?

விற்றவர் ஒரு யோசனை சொன்னார். “பேர் மாத்துறது வீண் செலவு. கையெழுத்து வைச்ச ஃபோம் தாறன், ஓபின் பேப்பரில ஓடுங்கோ. எல்லாரும் அப்பிடித்தான்.” உண்மைதான், பலர் அப்படித்தான் ஓடுகிறார்கள். வாகனம் ஐந்து கை மாறியிருக்கும், பதிவில் முதல் ஆளின் பெயரே இருக்கும். விபத்தோ களவோ நடந்தால் அப்போதுதான் வினை வரும்.

அம்மா அதற்குச் சம்மதிக்கவில்லை. விற்பவரும் வாங்குபவரும் நிரப்ப வேண்டிய எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 என்ற இரண்டு படிவங்களையும் நிரப்பி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கொடுத்தோம். சில வாரங்களின் பின் அம்மாவின் பெயரும் தேசிய அடையாள அட்டை இலக்கமும் அச்சிட்ட சான்றிதழ் கைக்கு வந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு அலுமாரியில் காணி உறுதி இருக்கும் அதே பைக்குள் வைத்தார்.

அந்த இரண்டு கடதாசிகளும் ஒரே பையில் இருந்தாலும் அவற்றுக்குள் பெரிய வித்தியாசம் உண்டு. இதைச் சகோதரிகள் தெரிந்துகொள்வது நல்லது. நாங்கள் இருக்கும் வீடும் வளவும் அம்மாவுக்குச் சீதனமாக வந்தவை. உறுதியில் அம்மாவின் பெயர்தான் இருக்கிறது. ஆனால் வடக்குத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டத்தின்கீழ், மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் இதை இப்படித்தான் வகுத்திருக்கிறது. அசையாச் சொத்துக்குக் கணவரின் சம்மதம் தேவை. அசையும் சொத்துக்குத் தேவை இல்லை.

மோட்டார் சைக்கிள் அசையும் சொத்து. அதாவது முப்பத்தைந்து வருடமாகத் தன் பெயரில் இருக்கும் வளவை அம்மா தனியே ஒன்றும் செய்ய முடியாது. நேற்று வந்த ஸ்கூட்டியைத் தன் ஒரு கையெழுத்தோடு விற்கலாம். நகையைவிட்டுப் பார்த்தால், அம்மா தன் வாழ்நாளில் முழுமையாகச் சொந்தமாக்கிக்கொண்ட முதற் பெரிய பொருள் இதுதான். இதை நான் விளங்கப்படுத்தியபோது அப்பாவும் பக்கத்தில் இருந்தார். “சட்டம் அப்பிடியோ?” என்று கேட்டார். பிறகு, “நான் எப்ப கையெழுத்து மாட்டன் எண்டனான்?” என்றார். அம்மா சிரித்தார். “கேக்க வேண்டி இருக்குதெண்டுதான் பிள்ளை சொல்லுது” என்றார்.

எட்டுப் போட்ட அம்மா

வாகனம் வருவதற்கு முன்பே அம்மா அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டார். முதலில் லைசன்ஸ், பிறகு வாகனம் என்று நான் வலியுறுத்திச் சொன்னேன். வாகனம் முதலில் வந்து முற்றத்தில் நின்றால், ஓடத் தெரிந்த ஒருவர் வீட்டில் தானாகவே அதற்குப் பொறுப்பாகிவிடுவார். அம்மா பின்னால் இருப்பவராகிவிடுவார்.

நூறு சி.சி.க்கு உட்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு ஏ1 வகுப்பு, அதற்கு மேற்பட்டதற்கு ஏ வகுப்பு. இன்று தெருவில் ஓடும் ஸ்கூட்டிகளில் அதிகமானவை நூற்றுப்பத்து, நூற்றிருபத்தைந்து சி.சி. ஆகவே ஏ வகுப்புக்கே விண்ணப்பித்தோம். மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, பழகுநர் அனுமதி, செய்முறைப் பரீட்சை என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலே எழுதலாம். அம்மா பதினொராம் வகுப்போடு படிப்பை விட்டவர். இரவில் குப்பி விளக்கில் படித்த பழக்கம் மறக்கவில்லை போலும், அதிகாலை நான்கு மணிக்கு எழும்பி வீதிக் குறியீடுகளைப் பாடமாக்கினார்.

ஓடப் பழகியது கடற்கரைப் பக்கத்து வெறும் தரவையில், தங்கச்சியின் ஸ்கூட்டியில். சைக்கிளில் கைவந்த சமநிலை இருந்தபடியால் விழவில்லை. கை அக்சிலேட்டரைக் கூடத் திருப்பிவிடும் என்பதுதான் பயம். பரீட்சை நாளில் எட்டு வடிவத்தில் ஓடிக் காட்ட வேண்டும். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். ஒரு பையன் அம்மாவைப் பார்த்து, “அன்ரி, மகளுக்குத் துணையா வந்தனீங்களோ?” என்று கேட்டான். அம்மா என்னைக் காட்டி, “இல்லைத் தம்பி, மகள்தான் எனக்குத் துணையா வந்தவ” என்றார். கால் ஊன்றாமல் எட்டைப் போட்டு முடித்தார்.

வயதை வைத்துப் பெண்ணை ஒதுக்குவது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதல்ல. தமிழ்நாட்டில் 2018 பெப்ரவரி 24ஆம் திகதி வேலைக்குப் போகும் பெண்களுக்கான ‘அம்மா இருசக்கர வாகனத் திட்டம்’ தொடங்கப்பட்டது. ஸ்கூட்டரின் விலையில் பாதி அல்லது 25,000 இந்திய ரூபா, இதில் எது குறைவோ அதை அரசு மானியமாகக் கொடுத்தது. பெண்ணிடம் ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். நல்ல திட்டம். ஆனால் வயதெல்லை 18 முதல் 40 வரை. நாற்பதுக்கு மேல் பெண் வேலைக்குப் போவதில்லையா? மீன் விற்கும் பெண்களையும் சந்தைக்குக் காய்கறி கொண்டுவரும் பெண்களையும் பாருங்கள். அதிக சுமையோடு நடப்பவர்கள் நாற்பதைத் தாண்டியவர்கள்தான்.

தெருவில் ஒரு நாள்

2025 தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, “வா மகள், ஒரு சுத்துப் போய் வருவம்” என்று அம்மா கூப்பிட்டார். அம்மா முன்னால், நான் பின்னால். இருவரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டோம்.

முதலில் தலைமன்னாருக்குப் போனோம். இரண்டு பக்கமும் பனையும் உடைமரமும், இடையிடையே மணல் வளவுகள். தலைமன்னார் இறங்குதுறையில் பழைய மரத்தூண்கள் கடலுக்குள் நிற்கின்றன. 1914இல் இந்தத் துறையிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 டிசெம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. 1980களில் யுத்தத்தோடு அதுவும் நின்றது. அம்மாவின் தாயார் இந்தக் கப்பலில் போய்ச் சேலை வாங்கி வந்தவராம். “ஆச்சி தனியப் போனவவோ?” என்று கேட்டேன். “தனியத்தான். அந்தக் காலத்தில கப்பலேறி அடுத்த நாட்டுக்குப் போய் வந்தவ. அவவின்ர மகள் நான் மன்னாருக்குப் போக ஆட்டோ பாத்துக்கொண்டு நிண்டன்” என்றார் அம்மா.

திரும்பி மன்னார் நோக்கி வரும்போது தாராபுரத்தில் அம்மா ஸ்கூட்டியை ஓர் ஒழுங்கைக்குள் திருப்பினார். அங்கே அவருடைய பழைய சிநேகிதி இருக்கிறார். கல்யாணத்துக்கு முன் இருவரும் ஒன்றாகத் தையல் வகுப்புக்குப் போனவர்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது அந்தக் குடும்பம் புத்தளத்துக்குப் போனது. யுத்தம் முடிந்த பின்னர் திரும்பி வந்தார்கள். வந்து பத்து வருடத்துக்கு மேலாகியும் அம்மா இரண்டு முறைதான் போய்ப் பார்த்திருந்தார். பஸ்ஸில் போனால் தெருவில் இறங்க வேண்டும், வெயிலில் நடக்க வேண்டும், திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் தள்ளிப்போனது. தூரம் பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை.

“வாங்க புள்ள, ஹெல்மெட்டோட யாரோ பொலிஸ் எண்டு நினைச்சிட்டன்” என்று அந்த அம்மா ஓடி வந்தார். இஞ்சித் தேநீர் தந்தார். இருவரும் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். அதிகமாகப் பழைய கதை இல்லை, முழங்கால் நோவும் பேரப்பிள்ளைகளும்தான். புறப்படும்போது கருவாட்டுக்குப் பை தைத்துத் தர முடியுமா என்று அம்மா கேட்டார். மணம் வெளியே வராமல் உள்ளே பிளாஸ்ரிக் வைத்து இரட்டையாகத் தைத்துத் தருவதாக அவர் சொன்னார். இப்போது மாதா மாதம் அவர் பை தைக்கிறார், அம்மா காசு கொடுக்கிறார்.

எங்கள் உறவுகள் எல்லாம் பஸ் நிற்கும் இடங்களில்தான் இத்தனை காலமும் இருந்திருக்கின்றன என்று அன்று எனக்குத் தோன்றியது. ஒழுங்கைக்குள் இருந்தவர்களைத் தவற விட்டிருக்கிறோம்.

மன்னார் நகரில் கழுதைகள் தெருவை மறித்து நின்றன. எங்கள் ஊர்க் கழுதைகளுக்கு ஹோர்ன் சத்தம் கேட்பதில்லை. அம்மா அவசரப்படாமல் நிறுத்தி, அவை நகர்ந்தபின் எடுத்தார். இரவில் இவற்றோடு மோதி விழுந்தவர்கள் உண்டு என்பதால், இருட்டிய பின் மெதுவாகத்தான் ஓடுவாராம்.

பிறகு பாலம். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதி மூன்று கிலோமீற்றர் அளவு நீளம். பழைய பாலம் 1990இல் தகர்க்கப்பட்டு, நெடுங்காலம் தற்காலிக இரும்புப் பாலத்தில்தான் போய் வந்தோம். சோதனைச்சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து, மீண்டும் ஏறிய காலம் அது. புதிய பாலம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. அன்று காலை இரண்டு பக்கமும் ஆழமற்ற தண்ணீரில் பூநாரைகள் நின்றன. வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சர் ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட இடம். மாரிகாலத்தில் தூர நாடுகளிலிருந்து பறவைகள் வரும். அம்மா தாம்போதி ஓரத்தில் ஸ்கூட்டியை நிறுத்தினார். “இவ்வளவு காலமும் இதாலதான் போறன். நிண்டு பாத்ததில்லை” என்றார். சோதனைச்சாவடிக் காலத்தில் இந்த இடத்தில் நிற்க முடியாது. பஸ்காலத்திலும் முடியாது.

அங்கிருந்து தள்ளாடிச் சந்தியில் திரும்பி வங்காலைக்குப் போனோம். அங்கே அம்மாவின் மூத்த அக்கா படுக்கையில் இருக்கிறார். பெரியம்மாவை அம்மா தூக்கி இருத்தித் தலைவாரிப் பின்னிவிட்டார். பெரியம்மாவின் மருமகள் அன்று மத்தியானம் இரண்டு மணித்தியாலம் படுத்து நித்திரை கொண்டாள். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் பலர், மாற்றி இருந்து பார்க்க வருகிறவர் குறைவு. அதன் பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை அம்மா வங்காலைக்குப் போய் வந்தார். பெரியம்மா அந்த ஆண்டு ஆனி மாதத்தில் காலமானார். கடைசி ஐந்து மாதமும் தங்கச்சி தன் பக்கத்தில் இருந்தாள் என்று அவர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாராம். இந்த ஸ்கூட்டிக்கு நாங்கள் கொடுத்த விலை இதனோடு சரியாகிவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்

இப்போது கருவாடு வாரம் இரண்டு முறை மன்னாருக்குப் போகிறது. பெற்றோலுக்கும் பராமரிப்புக்கும் போக, ஆட்டோக் கூலியாகப் போன காசு அம்மாவின் கையில் நிற்கிறது. அப்பாவைக் கண் கிளினிக்குக்கு ஏற்றிப் போவதும் அம்மாதான். முதல் நாள் அப்பா தெரு முழுவதும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாராம். இப்போது, “வேகமாப் போகாதையும்” என்று பின்னாலிருந்து கட்டளை போடுகிறார். 2025 ஓகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் நகரில் மக்கள் நாட்கணக்காகக் கூடியபோது, மாதர் சங்கப் பெண் ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அம்மாவும் போனார். வீட்டில் சொல்லிவிட்டுப் போனார், கேட்டுவிட்டுப் போகவில்லை.

எல்லா அம்மாமாருக்கும் மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கண்பார்வையும் உடல்நிலையும் இடம் கொடுக்க வேண்டும், அவருக்கு விருப்பமும் இருக்க வேண்டும். ஒழுங்கான பஸ் சேவை எல்லாப் பெண்களுக்கும் உரியது, அதைக் கேட்பதை நாம் விடக்கூடாது. ஆனால் உங்கள் அம்மாவுக்கு வாகனம் வாங்கிக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் இவற்றை நினைவில் வையுங்கள்.

வாகனத்துக்கு முன் அனுமதிப்பத்திரம் எடுக்க உதவுங்கள். பதிவை அம்மாவின் பெயருக்கே மாற்றுங்கள், திறந்த படிவத்தில் ஓட விடாதீர்கள். காப்புறுதியும் ஆண்டுதோறும் எடுக்கும் வருமான வரிப்பத்திரமும் காலாவதியாகாமல் பாருங்கள். உயரம் குறைந்த, நிறை குறைந்த வாகனமாக எடுங்கள், இருக்கையில் இருந்தால் இரண்டு பாதமும் நிலத்தில் பட வேண்டும். சேலைத் தலைப்பையும் சால்வையையும் இறுக்கி முடிந்த பின்பே ஏறச் சொல்லுங்கள். சில்லுக்குள் துணி சுற்றி வரும் விபத்துகள் பெண்களுக்கே அதிகம் நேர்கின்றன. கரையோரத்தில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை நன்னீரால் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும்.

இறுதியாக, திறப்பு எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். வீட்டுச் சுவரில் பொது ஆணியில் தொங்கினால் அது விரைவில் வீட்டு வாகனமாகிவிடும். அம்மாவின் கைப்பைக்குள் இருந்தால், தேவையானவர்கள் அவரிடம் கேட்டு வாங்கட்டும். இத்தனை காலமும் வெளியே போவதற்கு அவர் மற்றவர்களைக் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்.